திரையில் ஓடும் கடைப் பெயர்: உடைவது ஏன்? சரிசெய்வது எப்படி?

வியாபாரிக்குப் பெயர்ப்பலகை முகம் போன்றது. காலையில் கடையைத் திறந்ததும் பலகையைத் துடைத்துப் பொட்டு வைத்து, சாம்பிராணி காட்டிய பிறகுதான் நம் பெரியவர்கள் கல்லாவில் உட்கார்ந்தார்கள். பலகையில் ஓர் எழுத்து வெளுத்துப் போனாலும் பெயிண்டரை அழைத்து உடனே எழுதி வாங்கிவிடுவார்கள். எழுத்து சிதைந்த பலகையின் கீழ் உட்கார்ந்து வியாபாரம் செய்வது கௌரவக் குறைவு என்று நினைத்த காலம் அது.

பலகைக்கு அடுத்தபடியாக சினிமாக் கொட்டகையில் இடைவேளை ஸ்லைடு வந்தது. அதன் பின் கேபிள் டி.வி.யில் படத்துக்கு அடியில் ஓடும் வரி வந்தது. இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளே கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் விளம்பர வீடியோ செய்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். கடைப் பெயர் ஒரு பக்கமிருந்து பறந்து வருகிறது. விலை சுழன்று வந்து நிற்கிறது. செலவு குறைவு, பார்ப்பவர் அதிகம். நல்ல காரியந்தான். ஆனால் பலகையில் எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்த நாம், திரையில் வரும் எழுத்தைப் பார்க்கிறோமா? பார்க்காததால் நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தீபாவளிக்கு என் பேரன் வீட்டுக் கம்ப்யூட்டரில் எங்கள் கடைக்கு ஒரு வீடியோ தயாரித்தான். துவரம்பருப்பு, உளுந்து இரண்டுக்கும் சலுகை. மேல் வரியில் "மூட்டையாக எடுப்போருக்கு" என்றும், கீழ் வரியில் "கிலோவுக்கு 2 ரூபாய் தள்ளுபடி" என்றும் போடச் சொன்னேன். அவனும் அப்படியே போட்டான். செல்போனில் நிலைத்தகவலாக வைத்ததும், அனுப்பியவர் பெயர் தெரியும் பட்டை திரையின் உச்சியில் வந்து மேல் வரியை மறைத்துவிட்டது. பார்த்தவர் கண்ணில் பட்டதெல்லாம் "கிலோவுக்கு 2 ரூபாய் தள்ளுபடி" என்பது மட்டுமே.

மறுநாள் காலையில் இரண்டு கிலோ உளுந்து வாங்க வந்த ஓர் அம்மாள், "நாலு ரூபா குறைச்சுக்குங்கண்ணே" என்றார். மூட்டைக்குத்தான் சலுகை என்றேன். போனை எடுத்துக் காட்டி, "நீங்கதானே போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பண்டிகை முடியும் வரை சில்லறைக்கும் 2 ரூபாய் கழித்துக் கொடுத்தேன். போதாக்குறைக்கு, கடைப் பெயரில் இருந்த "கோ" உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக நின்றது. பேரனைக் கேட்டால், "கம்ப்யூட்டர்ல சரியாத்தான் இருந்துச்சு ஐயா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் கம்ப்யூட்டரில் சரியாகத்தான் இருந்தது.

அதன் பிறகு பேரனோடும் எடிட்டிங் தெரிந்தவர்களோடும் உட்கார்ந்து, இந்தக் கோளாறுகள் எங்கே பிறக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் அன்பர்களுக்கும் பயன்படட்டும் என்று அதை இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் படிக்கலாம். எடிட்டிங் செய்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தாலே நமக்குப் போதும்.

கையெழுத்தும் கம்ப்யூட்டர் எழுத்தும்

டைட்டில் என்பது நம் சீமைக்குப் புதிதல்ல. காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் சென்னைக்குப் போகும் முன் காரைக்குடியிலேயே ஸ்டுடியோ நடத்தி, 1947இல் வெளிவந்த "நாம் இருவர்" படத்தை அங்கே எடுத்தது பலரும் அறிந்த செய்தி. அந்தக் காலத்துப் படங்களின் பெயரையும் நடிகர் பட்டியலையும் ஓவியர்கள் அட்டையில் கையால் எழுதுவார்கள். அதை அப்படியே படம் பிடிப்பார்கள். எழுத்து அழகாகவோ அழகில்லாமலோ இருக்கலாம். உடைய மட்டும் உடையாது. ஏனென்றால் காமிராவுக்கு அது எழுத்தல்ல, ஒரு படம்.

கம்ப்யூட்டர் அப்படியல்ல. அது எழுத்தை எண்ணாக வைத்துக்கொள்கிறது. எந்த எண்ணுக்கு எந்த உருவம் என்று சொல்லும் கோப்புதான் எழுத்துரு. ஃபான்ட் என்று வழக்கில் சொல்கிறோம். எண், எழுத்துரு, இரண்டையும் சேர்த்து வரையும் மென்பொருள் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால் எழுத்து சரியாக வரும். ஒன்று பிசகினாலும் உடையும். ஆகவே கோளாறு வந்தால் "கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது" என்று பொதுவாகச் சொல்லாமல், மூன்றில் எது பிசகியது என்று பார்க்க வேண்டும். தராசு தப்பாகக் காட்டினால் தட்டா, படிக்கல்லா, முள்ளா என்று பார்க்கிறோம் அல்லவா, அதுபோல.

தமிழ் ஆங்கிலமாக மாறிப்போவது

முதல் கோளாறு இது. ஸ்டுடியோவில் தமிழாக இருந்த டைட்டில், வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும். காரணம், பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். இவற்றில் ஆங்கில எழுத்தின் எண்ணுக்கே தமிழ் உருவத்தைப் பொருத்தியிருப்பார்கள். பாமினியில் "மளிகை" என்று அடித்தால், கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருப்பது கே, எஸ், பி, ஐ, எஃப் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள். பாமினி இருக்கும் வரை அது மளிகை. பாமினி இல்லாத கம்ப்யூட்டருக்குப் போனால் வெறும் ஐந்து எழுத்து. ஒவ்வொரு பழைய எழுத்துருவும் ஒவ்வொரு கணக்கு வைத்திருந்ததால், ஒன்றில் அடித்தது இன்னொன்றில் வாசிக்க முடியாது. ஊருக்கு ஒரு படி, ஊருக்கு ஒரு மரக்கால் என்று அளந்த காலம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற எழுத்துத் தரங்களையும் அறிவித்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு 1991இல் வந்தபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000இல் லதா என்ற யூனிகோடு எழுத்துரு சேர்ந்தே வந்தது. 2010இல் தமிழக அரசும் யூனிகோடைத் தன் தரமாக ஏற்றுக்கொண்டது. இன்று நம் செல்போனில் அடிக்கும் தமிழ் யூனிகோடுதான்.

ஆனாலும் பல வீடியோக்காரர்கள் பாமினி வகையை விடவில்லை. அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. அதை அடுத்துச் சொல்கிறேன். பழைய எழுத்துருவில் செய்து வாங்கினால் செய்ய வேண்டியது இதுதான்: எழுத்துருக் கோப்பையும் வேலைக் கோப்போடு சேர்த்து வாங்கி வையுங்கள். அடுத்த ஆண்டு விலையை மட்டும் மாற்றிப் போட நினைக்கும்போது கைகொடுக்கும். பழைய எழுத்தை யூனிகோடுக்கு மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற குறிமாற்றிகள் உண்டு. மாற்றிய பின் ஒரு முறை முழுதும் வாசித்துப் பார்ப்பது அவசியம்.

கொம்பு இடம் மாறுவது

இரண்டாவது கோளாறு, என் கடைப் பெயருக்கு வந்தது. தமிழில் "கோ" என்பது ஓர் எழுத்து. எழுதும்போது இரட்டைக் கொம்பு முன்னால், "க" நடுவில், கால் பின்னால் என மூன்று துண்டு. யூனிகோடு அதை "க" என்ற ஓர் எண், ஓகாரக் குறி என்ற ஓர் எண் என இரண்டாக மட்டும் வைத்துக்கொள்கிறது. கொம்பைத் தூக்கி முன்னால் வைத்து, காலைப் பின்னால் வைத்து அடுக்க வேண்டியது வரையும் மென்பொருளின் வேலை. ஆங்கிலத்துக்கு இந்த வேலை தேவையில்லை. எழுத்தை வரிசையாக வைத்தால் போதும். ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த எடிட்டிங் மென்பொருள்கள் பல இந்த அடுக்கும் வேலையைச் செய்வதில்லை. அதனால் கொம்பு பின்னால் போய்விடும். "கு", "பூ" போன்றவற்றில் சுழி ஒட்டாமல் தனியே தொங்கும். புள்ளி தள்ளி விழும்.

பாமினி வகையில் இந்தத் தொல்லை இல்லை. அதில் கொம்பு, எழுத்து, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிக்கிறார்கள்; அடுக்க எதுவுமில்லை. வீடியோக்காரர்கள் அதைக் கைவிடாததற்கு நியாயம் இதுதான்.

யூனிகோடில் சரிசெய்யவும் வழி இருக்கிறது. பிரீமியர் ப்ரோ போன்ற மென்பொருள்களில் அடுக்கும் பொறி உள்ளே இருக்கும். ஆனால் முடுக்கிவிட்டிருக்க மாட்டார்கள். "பிரிஃபரன்சஸ்" பகுதியில் "கிராபிக்ஸ்" என்ற தலைப்பின் கீழ், எழுத்துப் பொறியை "சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்" என்று மாற்ற வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், ஃபோட்டோஷாப் இரண்டின் பழைய பதிப்புகளிலும் "டைப்" என்ற தலைப்பின் கீழ் இதே போன்ற வசதி உண்டு. மாற்றிய பிறகு மென்பொருளை ஒரு முறை மூடித் திறந்து, எழுத்தைப் புதிதாக அடிப்பது நல்லது. ஏற்கெனவே உடைந்த வரி தானாகத் திருந்தும் என்று காத்திருக்க வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் கேடென்லைவ், ஷாட்கட் ஆகியவற்றில் தமிழ் பெரும்பாலும் அடுக்கோடு வந்துவிடும்.

பழைய விண்டோஸ் எக்ஸ்பி இருந்த காலத்தில், இந்த அடுக்கும் வசதியை சி.டி. போட்டுத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தச் சிரமம் இன்று இல்லை. ஆயினும் ஒவ்வொரு எடிட்டிங் மென்பொருளையும் தனித்தனியே சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

மளிகைக் கடைச் சோதனை

எப்படிச் சோதிப்பது? "அரிசி", "மிளகாய்" என்று அடித்துப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. அவற்றில் கொம்பே இல்லை. பெரும்பாலான குறிகளும் வரும்படி ஒரு வரி வேண்டும். அது நம் சரக்குப் பட்டியலிலேயே இருக்கிறது:

நெய், தேன், தினை, கொள்ளு, கோதுமை, சீரகம், பூண்டு, மிளகு.

நெய்யில் ஒற்றைக் கொம்பு, தேனில் இரட்டைக் கொம்பு, தினையில் ஐகாரம், கொள்ளில் கொம்பும் காலும், கோதுமையில் இரட்டைக் கொம்பும் காலும் ஐகாரமும், சீரகத்தில் நெடில் விலங்கு, பூண்டில் நெடில் சுழி, மிளகில் உகரச் சுழி. இந்த எட்டுச் சரக்கும் திரையில் பழுதில்லாமல் வந்தால், உங்கள் கடைப் பெயரும் பெரும்பாலும் பழுதில்லாமல் வரும். புது மென்பொருள், புது எழுத்துரு எதுவானாலும் முதலில் இந்த வரியை ஓட்டிப் பாருங்கள்.

இதற்கு வெளியே இரண்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று "ஸ்ரீ". நம் கடைகளில் பாதிக்கு மேல் ஸ்ரீயில்தான் தொடங்குகின்றன. யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுத முடியும். ஒரு விதம் "ஸ" கொண்டு, இன்னொரு விதம் 2005இல் யூனிகோடில் சேர்ந்த வேறொரு கிரந்த எழுத்தைக் கொண்டு. சில எழுத்துருக்களில் ஒன்று சேர்ந்து வரும், மற்றது பிரிந்து நிற்கும். பிரிந்தால் மற்ற விதத்தில் அடித்துப் பாருங்கள். அல்லது எழுத்துருவை மாற்றுங்கள்.

இரண்டாவது ரூபாய்க் குறி. நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த அந்தக் குறியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது 2010 ஜூலையில். அதற்கு முன் செய்த எழுத்துருக்களில் அது இருக்க வழியில்லை. அங்கே வெறும் கட்டம் தெரியும். விலைக்கு முன்னால் ஒரு கட்டம் நின்றால், வாங்குபவர் அதை என்னவென்று எண்ணுவார்? சந்தேகம் இருந்தால் "ரூ." என்று தமிழிலேயே போட்டுவிடுங்கள். எந்த எழுத்துருவிலும் பழுது வராது.

எழுத்துரு வாங்கவும் செலவு வேண்டியதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேடமரான், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி ஆகியவை இலவசம். வியாபார விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாம். யாரோ காசுக்கு விற்கும் எழுத்துருவை அனுமதியின்றிப் போட்டு வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

எழுத்து எழுத்தாகப் பறக்க விடாதீர்கள்

இனி அசைவுக்கு வருவோம். நிற்கும்போது சரியாக இருந்த எழுத்து, அசையத் தொடங்கியதும் உடைவது மூன்றாவது கோளாறு. எடிட்டிங் மென்பொருளில் தயாராக இருக்கும் டைட்டில் வகைகளில் ஒவ்வோர் எழுத்தாக வந்து விழுவது, தட்டச்சு அடிப்பது போல வருவது, சுழன்று வருவது என்று பல உண்டு. பிள்ளைகளுக்கு இவைதான் பிடிக்கும். ஆனால் அவை எண்ணுவது நம் எழுத்தையல்ல, உள்ளே இருக்கும் எண்ணை. "கோதுமை" நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஆறு எண். ஆகவே முதலில் "க" வரும்; அடுத்த நொடியில் கொம்பு முளைத்து, "க"வை வலப்பக்கம் தள்ளும். வரி முழுதும் குலுங்கும். சில மென்பொருளில் குறி மட்டும் தனியாகப் பறந்து வரும். பக்கத்தில் புள்ளியால் ஆன ஒரு வட்டம் நிற்கும். அந்த வட்டத்தைக் கண்டால், எழுத்து தன் குறியிலிருந்து பிரிந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இதற்கு இரண்டு மருந்து உண்டு. அசைவை எழுத்துக்குக் கொடுக்காமல், சொல்லுக்கோ வரிக்கோ கொடுப்பது முதல் மருந்து. பெரும்பாலான மென்பொருளில் எழுத்து, சொல், வரி என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கும். "சொல்" என்று மாற்றினால் போதும்.

இரண்டாவது மருந்து, மேலே சொன்ன எல்லாக் கோளாறுக்கும் பொது மருந்து. தமிழ் சரியாக வரும் வேறொரு மென்பொருளில் பெயரையும் விலையையும் எழுதி, அதைப் படமாக்கி, அந்தப் படத்தை எடிட்டிங்கில் கொண்டுவந்து அசைப்பது. பழைய ஸ்டுடியோவில் அட்டையில் எழுதிப் படம் பிடித்த அதே முறைதான். படமான பிறகு எழுத்துரு தேவையில்லை. அடுக்கும் பொறியும் தேவையில்லை. எந்தக் கம்ப்யூட்டரிலும் உடையாது. படமாக்கும்போது பின்னணி இல்லாமல் பி.என்.ஜி. வகையில் சேமிக்க வேண்டும். ஜே.பி.ஜி. வகையில் பின்னணி இல்லாமல் சேமிக்க முடியாது. எழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம் ஒட்டிக்கொண்டே வரும். பெரிதாகி வரும் டைட்டில் என்றால் படத்தையும் தேவையான பெரிய அளவிலேயே செய்ய வேண்டும். சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் ஓரம் மங்கும்.

இந்த முறையில் ஒரே குறை, விலை மாறினால் படத்தைப் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்காகப் பெயருக்கு ஒரு படம், விலைக்கு ஒரு படம் எனத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர் என்றும் மாறாது. விலைப் படத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஓடும் வரி நடுங்குவது

திரையின் அடியில் ஓடும் வரி வழுக்கிக்கொண்டு போகாமல் நடுங்கி நடுங்கிப் போவது நான்காவது கோளாறு. முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எடிட்டிங் செய்யும்போது கம்ப்யூட்டரில் முன்னோட்டம் திக்கித் திணறினால் அது கோளாறாக இருக்க வேண்டியதில்லை. கணக்குப் போட்டு முடிக்காமலே காட்டுவதால் அப்படித் தெரியலாம். முழுதும் ரெண்டர் செய்து, வெளிவந்த வீடியோவை ஓட்டிப் பார்த்த பிறகுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அப்போதும் நடுங்கினால் இரண்டு காரணம் இருக்கலாம். நம் நாட்டு டி.வி. முறையில் நொடிக்கு 25 படம். செல்போன்கள் பெரும்பாலும் நொடிக்கு 30 படம் எடுக்கின்றன. 30ஐ 25ஆகச் சுருக்கினால் நொடிக்கு 5 படம் விட்டுப்போகும். ஓடும் எதுவும் நொடிக்கு ஐந்து முறை துள்ளும். செல்போனுக்கு மட்டும் என்றால் தொடக்கத்திலேயே 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் டி.வி.க்கு என்றால் 25.

அடுத்தது வேகம். அகலவாட்டில் முழு ஹெச்.டி. திரையில் 1920 புள்ளிகள் உள்ளன. ஒரு படத்துக்கு 8 புள்ளி வீதம் வரி நகர்ந்தால், ஓர் எழுத்து திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக 240 படம், அதாவது 25 படக் கணக்கில் 9.6 நொடி ஆகும். 8க்குப் பதில் 7.3 என்று பின்னத்தில் விழுந்தால், எழுத்தின் ஓரம் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் நின்று மினுமினுக்கும். முழு எண்ணாக வரும்படி நேரத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ வைத்தால் மினுமினுப்பு அடங்கும்.

மெல்லிய எழுத்தும் நடுக்கத்துக்கு ஒரு காரணம். பழைய குழாய் டி.வி. ஒற்றை வரிசைக் கோடுகளை ஒரு முறையும் இரட்டை வரிசைக் கோடுகளை அடுத்த முறையும் மாற்றி மாற்றி வரையும். ஒரே கோட்டளவு மெலிந்த எழுத்து அதில் விளக்குத் திரிபோல ஆடும். தடித்த எழுத்தே எங்கும் பாதுகாப்பு.

ஓரமும் நேரமும் நிறமும்

என்னை மாட்டிவைத்தது ஓரம். குழாய் டி.வி. காலத்தில் படத்தின் ஓரங்கள் சட்டத்துக்குள் மறைந்துவிடும் என்பதால், எழுத்தை நான்கு பக்கமும் பத்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வைக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். 1920க்கு 1080 புள்ளி அளவுள்ள படத்தில் இடம், வலம் 192 புள்ளியும், மேல், கீழ் 108 புள்ளியும் காலியாக விட வேண்டும். எடிட்டிங் மென்பொருளில் "சேஃப் மார்ஜின்" என்ற கோட்டைப் போட்டுக்கொண்டால் எல்லை தெரியும். குழாய் டி.வி. போய்விட்டாலும் இந்த விதி போகவில்லை. செல்போனில் உச்சியில் பெயர்ப் பட்டையும் அடியில் பொத்தான்களும் வந்து உட்காருகின்றன. அங்கே பத்தில் ஒரு பங்கு கூடப் போதாது. மேலும் கீழும் இன்னும் தாராளமாக விடுங்கள்.

அகலவாட்டில் செய்த வீடியோவை வெட்டி நெட்டுவாட்டில் ஆக்கினால், 1920 புள்ளி அகலத்தில் சுமார் 608 மட்டும் மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. "மொத்த விலை" என்பதில் எது போகும், எது நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்? டி.வி.க்கு ஒன்று, போனுக்கு ஒன்று என்று டைட்டிலைத் தனித்தனியே அமைப்பதுதான் முறை. நிபந்தனையும் சலுகையும் ஒரே வரியில், அல்லது ஒட்டிய இரு வரியில், திரையின் நடுவில் வர வேண்டும்.

நேரத்துக்கு ஒரு எளிய கணக்கு: வரியை நிதானமாக இரண்டு முறை வாய்விட்டுப் படித்து முடிக்கும் வரை அது திரையில் நிற்க வேண்டும். நாம் எழுதியது நமக்கு மனப்பாடம். வாடிக்கையாளருக்கு அது புதிது. கண்ணாடி போட்டுப் படிக்கும் பெரியவரை மனதில் வைத்து நேரம் வையுங்கள்.

நிறத்தில் ஒரு சூட்சுமம். வீடியோவைச் சுருக்கும்போது வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் சேமிக்கிறார்கள். நிறத்தையோ நான்கு புள்ளிக்கு ஒன்று என்றுதான் சேமிக்கிறார்கள். ஆகவே நீலத்தின் மேல் சிவப்பு, பச்சையின் மேல் சிவப்பு போன்றவை கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருந்தாலும், அனுப்பிய பின் கலங்கிப்போகும். கறுப்பின் மேல் மஞ்சள், சிவப்பின் மேல் வெள்ளை, இவை தாங்கும். வண்ணம் போட்டே ஆக வேண்டுமென்றால், சுற்றி வெள்ளையோ கறுப்போ ஒரு கரை கட்டுங்கள். வாட்ஸ்அப் தானும் ஒரு முறை சுருக்கும். ஸ்டுடியோவிலிருந்து உங்களுக்கு வரும் அசல் வீடியோவை "டாக்குமெண்ட்" ஆக அனுப்பச் சொல்லி வாங்கினால் அந்தச் சேதாரம் இராது.

கடைசியாக ஒரு வார்த்தை

சரக்கு வந்தால் மூட்டையை எண்ணி, எடை போட்டு, சாம்பிள் பார்த்த பிறகுதான் பில்லில் கையெழுத்துப் போடுகிறோம். வீடியோவுக்கும் அதே முறையைக் கொண்டுவந்திருக்கிறேன். பேரன் செய்தாலும் சரி, ஸ்டுடியோ செய்தாலும் சரி, செய்த கம்ப்யூட்டரில் நான் பார்ப்பதில்லை. முதலில் என் போனுக்கு வர வேண்டும். அடுத்து, கடையில் வேலை பார்க்கும் பையனின் சின்னப் போனில் ஓட வேண்டும். பின்பு வீட்டு டி.வி.யில் ஓட வேண்டும். மூன்றிலும் கடைப் பெயர், பொருள், அளவு, விலை, நிபந்தனை, தேதி, போன் நம்பர் ஆகிய ஏழையும் ஒவ்வொன்றாக வாசித்து டிக் போட்ட பிறகுதான் வெளியே போகும். விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டி, "என்ன புரிந்தது?" என்று கேட்கவும் செய்கிறேன். அவர் சொல்வதுதான் நம் விளம்பரம். நாம் நினைத்தது அல்ல.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான எண்ணம் தரும் விளம்பரத்தைக் குற்றமாகவே பார்க்கிறது. எழுத்து மறைந்துபோனது என்று நாம் சொல்லும் சமாதானத்தை யார் ஏற்பார்கள்? சட்டத்தை விட்டுவிடுவோம். அன்று உளுந்து வாங்க வந்த அந்த அம்மாள் சண்டை போடவில்லை. போனைக் காட்டி ஒரு கேள்விதான் கேட்டார். சலுகை கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. "நீங்கதானே போட்டிருக்கீங்க?" என்ற அந்தக் கேள்விதான் இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த பண்டிகைக்கு அவர் வந்தபோது வீடியோவை நானே காட்டி, "சரியாத் தெரியுதாம்மா?" என்று கேட்டேன். நடுவில் நின்ற வரியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மூட்டை எடுத்தாத்தான் குறைப்பீகளோ" என்று சிரித்தார். கடைப் பெயரில் "கோ"வும் அன்று ஒழுங்காக நின்றது.